முப்பதுகளில் எழுந்த லண்டன் புறநகர் வீடுகள்: பழைய அயலவரின் நினைவும் வீட்டுப் பராமரிப்பும்

ஹரோ, வெம்பிளி, ரெய்னர்ஸ் லேன், கிங்ஸ்பரி, இல்ஃபர்ட், மோர்டன், நியூ மோல்டன். லண்டனில் நம்மவர்கள் வீடு வாங்கிக் குடியேறிய இந்த ஊர்களில் பெரும்பாலான தெருக்கள் இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் எழுந்தவை. முன்புறம் தள்ளி நிற்கும் பே ஜன்னல், மூன்று பக்கம் சரிந்த ஓட்டுக் கூரை, இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர், வாசல் வளைவுக்குள் சிவப்பு ஓடு பதித்த படி, கதவுக் கண்ணாடியில் கதிர் விரிக்கும் சூரியன். தொண்ணூறு ஆண்டுகள் தாண்டியும் உறுதியாக நிற்கும் நல்ல வீடுகள்தான். ஆனால் அவை ஒரு குறிப்பிட்ட வாழ்க்கைக்காகக் கட்டப்பட்டவை: ஒரு அறையில் நிலக்கரி நெருப்பு, மற்ற அறைகளில் குளிர், எல்லா இடுக்கிலும் காற்று. அந்த வாழ்க்கை போய்விட்டது. வீடு மட்டும் அதே கணக்கில் நிற்கிறது. ஈரம், பூஞ்சணம், வெடிப்பு, உளுத்த தரைப்பலகை என்று நாம் படும் தொல்லைகளில் பலவும் கட்டியவர்கள் விட்ட குறைகள் அல்ல. பிறகு வந்தவர்கள் அடைத்ததும் இடித்ததும் மேடாக்கியதும் கொடுத்த பலன்கள்.

ஆகவே தெருவில் பழைய குடும்பம் ஒன்று மிச்சமிருந்தால் அவர்களோடு உட்கார்ந்து பேசுவது வெறும் மரியாதைக்குச் செய்யும் காரியம் அல்ல. "இந்த மூலையில் குளம் இருந்தது", "உங்கள் வீட்டுப் பின்பக்கம் பெரிய ஓக் மரம் நின்றது", "அந்தக் குழாய் எங்கள் தோட்டம் வழியாகப் போகிறது" என்று அவர்கள் பேச்சோடு பேச்சாகச் சொல்லும் ஒரு வரி, வீடு வாங்கும்போது காசு கொடுத்து எடுக்கும் சர்வே அறிக்கையில் இருக்காது.

இந்த எஸ்டேட்டுகள், அதாவது ஒரே திட்டத்தில் கட்டிய வீட்டுத் தொகுதிகள், எப்படி வந்தன என்று தெரிந்தால் அவற்றின் குணமும் விளங்கும். 1919க்கும் 1939க்கும் இடையில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 40 லட்சம் வீடுகள் எழுந்தன. அவற்றில் நாலில் ஒன்றுக்குச் சற்று மேலானவை கவுன்சில், அதாவது உள்ளூராட்சி மன்றம், கட்டியவை. மற்றவை தனியார் பில்டர்கள் விற்பனைக்குக் கட்டியவை. வடமேற்கு லண்டனில் மெட்ரோபொலிட்டன் ரயில் நிறுவனம் தண்டவாளத்தை ஒட்டிய காணிகளில் எஸ்டேட் போட்டு, 'மெட்ரோலாண்ட்' என்று விளம்பரம் செய்தது. ரயில் நிலையம் வந்த இடத்தில் வீடு வந்தது: எட்ஜ்வேர் 1924, மோர்டன் 1926, கிங்ஸ்பரி 1932. அந்த 1932இல் இங்கிலாந்து வங்கி வட்டி 2 சதவீதத்துக்கு இறங்கியது. பில்டரும் வீட்டுக் கடன் கொடுக்கும் கட்டிடச் சங்கமும் கூட்டுச் சேர்ந்து, முற்பணத்தை வீட்டு விலையில் 5 சதவீதம் வரைக்கும் குறைத்தார்கள். குமாஸ்தாவும் ரயில் ஊழியரும் சொந்த வீடு வாங்க முடிந்தது. அந்த நாட்டின் சாதாரணக் குடும்பங்களுக்கு இது மிகப் பெரிய விடுதலை.

வேகத்துக்கு ஒரு விலையும் இருந்தது. லண்டனின் தென்கிழக்கே வெஸ்ட் விக்கமில் கோனி ஹால் எஸ்டேட்டில் வீடு வாங்கிய எல்சி போர்டர்ஸ் என்ற பெண், கூரை ஒழுக்கும் ஈரமும் பழுதான மின் இணைப்பும் தாங்காமல் 1937இல் கடன் தவணையை நிறுத்தினார். கட்டிடச் சங்கம் வழக்குப் போட்டது. அவர் வழக்கறிஞர் வைக்காமல் தானே நின்று வாதாடினார். பக்கத்து எஸ்டேட்டுகளிலும் ஆயிரக்கணக்கானோர் தவணை கட்டாமல் நின்றார்கள். 1941இல் அன்றைய மிக உயர்ந்த நீதிமன்றமான பிரபுக்கள் சபையின் தீர்ப்பு அவருக்கு எதிராகப் போனாலும், 1939இல் கட்டிடச் சங்கங்களைப் பற்றிப் புதிய சட்டம் வந்ததற்கு அவருடைய வழக்கு முக்கியமான காரணம். ஆகவே ஒரே தெருவிலும் பில்டருக்குப் பில்டர் தரம் மாறும். பக்கத்து வீட்டில் இருக்கும் சுவர்தான் உங்கள் வீட்டிலும் இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம்.

குளிரும் காற்றும்

இந்த வீடுகளில் பிறந்து வளர்ந்த முதியவர்கள் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது, குளிர்காலக் காலையில் ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கம் பனி பூத்திருக்கும் என்பது. முன் அறையிலோ பின் அறையிலோ ஒரு நெருப்பு. சமையலறைப் பக்கம் தண்ணீர் சூடாக்க ஒரு அடுப்பு. எரிகிற நெருப்பு அறைக் காற்றை இழுத்துப் புகைபோக்கி வழியே வெளியே தள்ளியது. அந்த இடத்துக்குக் கதவு இடுக்கிலும் தரைப்பலகை இடுக்கிலும் புதுக்காற்று வந்தது. மூச்சு, சமையல், துணி என்று வீட்டில் சேர்ந்த ஈரம் அதோடு போய்விட்டது. குளிர் இருந்தது, பூஞ்சணம் குறைவு.

இப்போது புகைபோக்கி அடைபட்டுவிட்டது. ஜன்னல் இரட்டைக் கண்ணாடி. தரையில் லாமினேட். குசினியில் இட்லிச் சட்டி, சோறு, கறி என்று தினமும் இரண்டு மணி நேரம் ஆவி. குளியலறையில் ஐந்து பேர் ஷவர். காயவைத்த துணி ரேடியேட்டர்மேல். இத்தனை ஈரமும் வீட்டில் மிகக் குளிர்ந்த மேற்பரப்பைத் தேடிப் போய்த் தண்ணீராகும். அந்த இடங்கள் எல்லா வீட்டிலும் ஏறக்குறைய ஒன்றே: வாசலுக்கு மேலுள்ள சின்ன அறையின் மூலை, வெளிச்சுவரை ஒட்டி நிற்கும் அலுமாரியின் பின்பக்கம், பே ஜன்னலின் பக்கவாட்டு. கீழ் ஜன்னலுக்கும் மேல் ஜன்னலுக்கும் இடைப்பட்ட பே பகுதி பல வீடுகளில் செங்கல்லே அல்ல. மரச் சட்டத்தில் ஓடு தொங்கவிட்டோ பூச்சுப் பூசியோ முடித்தது. உள்ளே வெப்பக் காப்பு எதுவும் கிடையாது.

இதற்குப் பூஞ்சணக் கொல்லிப் பெயின்ட் அடிப்பது மட்டும் நெடுநாள் தாங்காது. செய்ய வேண்டியவை வேறு. குசினியில் அடுப்புக்கு மேல் வைக்கும் விசிறி வெளிச்சுவர் வழியாகக் காற்றை வெளியேற்றுவதாக இருக்க வேண்டும். கரி வடிகட்டி வழியே அதே காற்றைத் திருப்பி அறைக்குள் விடும் வகை மணத்தைக் கொஞ்சம் குறைக்கும், ஆவியைத் தொடாது. இங்கிலாந்துக் கட்டிட விதிப்படி அடுப்புக்கு நேர்மேலே என்றால் வினாடிக்கு 30 லீட்டர், வேறிடத்தில் என்றால் 60 லீட்டர், குளியலறைக்கு 15 லீட்டர். நம் சமையலுக்கு இவற்றைக் குறைந்தபட்சமாக வைத்துக்கொண்டு மேலே போங்கள். குழாய் நீளம் குறைவாகவும் நேராகவும் இருக்கட்டும்; மடிந்து தொங்கும் நெகிழ்குழாய் பாதிக் காற்றைத் தின்றுவிடும். சமையல் முடிந்து கால் மணி நேரம் விசிறி ஓடட்டும், குசினிக் கதவு மூடியிருக்கட்டும். அலுமாரியைச் சுவரிலிருந்து 5 முதல் 10 சென்டிமீட்டர் தள்ளுங்கள். ஈரப்பத மானி ஒன்று மலிவு விலைக்குக் கிடைக்கும். எண் தொடர்ந்து 65 சதவீதத்துக்கு மேல் நின்றால் காற்றோட்டம் போதவில்லை.

அடைத்த புகைபோக்கிக்கும் காற்று வேண்டும். நெருப்பிடம் இருந்த இடத்தைப் பலகையாலோ கல்லாலோ மூடினால் அதில் ஒரு காற்றுக் கிராதி வைக்க வேண்டும். மேலே புகைபோக்கி உச்சியிலுள்ள பானைக்கு மழை புகாத, காற்றுப் போகும் மூடி வேண்டும். இரண்டையும் இறுக்கி அடைத்தால் உள்ளே பழைய கரியோடு மழையீரம் சேர்ந்து, படுக்கையறைச் சுவரில் மஞ்சள் பழுப்புக் கறையாக வரும். அந்தக் கறை எத்தனை முறை பெயின்ட் அடித்தாலும் திரும்ப வரும், ஏனென்றால் கரியிலிருந்து வந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

தரைக்குக் கீழே

முன் அறை, பின் அறை, நடை ஆகியவற்றின் தரை பெரும்பாலும் மரம். மண்ணிலிருந்து ஓரளவு உயரத்தில், சிறு தாங்கு சுவர்களின்மேல் 4 அங்குலத்துக்கு 2 அங்குலச் சட்டங்களை வரிசையாக வைத்து, மேலே பலகை அடித்திருப்பார்கள். அந்தச் சட்டங்கள் தொண்ணூறு ஆண்டு கெடாமல் இருப்பதற்கு ஒரே காரணம், சுவர் அடியில் உள்ள துளைச் செங்கற்கள். முன்பக்கத்தால் புகுந்த காற்று பின்பக்கத்தால் வெளியேற வேண்டும். அதுதான் முழு ஏற்பாடும்.

இதை நாம் மூன்று விதமாகக் கெடுக்கிறோம். முதலாவது, கார் நிறுத்த முன்தோட்டத்தில் கல் பாவும்போது தரைமட்டத்தை உயர்த்திவிடுவது. சுவரில் ஈரம் ஏறாமல் தடுக்கும் அடுக்கு ஒன்று, ஸ்லேட்டாகவோ தார்த்துணியாகவோ, கிடையாக ஓடும். வெளித்தரை அதற்குக் குறைந்தது 150 மில்லிமீட்டர் கீழே இருக்க வேண்டும், செங்கல்லில் சொன்னால் இரண்டு வரிசை. கல் பாவியவர் பழைய சீமெந்தின்மேலேயே மண்ணும் கல்லும் போட்டிருந்தால் துளைச் செங்கல் பாதி புதைந்திருக்கும், ஈரத்தடுப்பு அடுக்கு மூடியிருக்கும். 'ஏறும் ஈரம்' என்று சொல்லிச் சுவரில் ஏற்றும் ஊசி மருந்துக்குச் செலவழிக்கும் முன் ஒரு மண்வெட்டியோடு வெளியே போய்ப் பாருங்கள். சுவரோரம் ஒரு அடி அகலத்துக்குத் தோண்டிச் சரளை நிரப்பினாலே பல வீடுகளில் சுவர் காயத் தொடங்கும். செங்கல் சுவர் காய மாதக்கணக்கில் ஆகும், பொறுமை வேண்டும்.

இரண்டாவதுதான் பெரிய கேடு: பின்பக்க எக்ஸ்டென்ஷன், அதாவது வீட்டோடு ஒட்டிக் கட்டும் கூடுதல் அறை. பின்சுவரோடு ஒட்டிச் சீமெந்துத் தரை போட்டால் பின்பக்கத் துளைச் செங்கற்கள் எல்லாம் செத்துவிடும். நல்ல பில்டர் சீமெந்து ஊற்றும் முன்பே, பழைய துளை ஒவ்வொன்றிலிருந்தும் 100 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குழாயை அடியால் இழுத்துப் புதிய வெளிச்சுவரில் திறப்பார். இதை ஒப்பந்தத் தாளில் எழுதிக் கேளுங்கள். சீமெந்து ஊற்றும் முன் புகைப்படம் எடுத்து வையுங்கள். செய்யாமல் விட்டால் சில ஆண்டுகளில் நடையில் காளான் மணம் வரும், சுவரோரப் பலகை நெகிழும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி நின்றால் உளுப்புக் காளான் பிடிக்கும். ஒரு பலகையை எழுப்பி, டார்ச் அடித்து, சட்டம் சுவரில் நுழையும் முனையைத் திருகாணி முறுக்கியால் குத்திப் பாருங்கள். முனை இலகுவாக உள்ளே போனால் சட்டம் போய்விட்டது. காளானை மட்டும் கொன்று, காற்றுக்கு வழி செய்யாவிட்டால் அது திரும்ப வரும்.

மூன்றாவது, குளிர்காற்று வருகிறது என்று துளைச் செங்கல்லைத் துணியாலோ நுரையாலோ அடைப்பது. குளிரை அடக்கச் சரியான வழி, சட்டங்களுக்கு இடையே வலை கட்டிக் கம்பளி வகைக் காப்பை வைத்து, அதற்குக் கீழே காற்றை ஓட விடுவது.

களிமண்ணும் மரங்களும்

வடமேற்கு லண்டன் பெரும்பாலும் லண்டன் களிமண்ணில் நிற்கிறது. அந்த மண் ஈரத்தில் ஊதும், வறட்சியில் சுருங்கும். முப்பதுகளில் இந்த வீடுகளுக்கு அத்திவாரம் பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு அடி ஆழம்தான். பே ஜன்னலுக்கு அதிலும் குறைவாக வைத்த பில்டர்கள் உண்டு. 1976இன் கடும் வறட்சியில் ஏராளமான வீடுகள் அசைந்த பிறகுதான் களிமண்ணில் ஒரு மீட்டர் ஆழம் என்பது வழக்கமானது. பேயும் பிரதான சுவரும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழாக வெடிப்பு வருவதற்குக் காரணம் இந்த வித்தியாசம்தான்.

எல்லா வெடிப்பும் ஆபத்தல்ல. ஒரு மில்லிமீட்டருக்குக் குறைந்த மயிரிழை பூச்சின் வேலை. 5 மில்லிமீட்டர் வரை பெரும்பாலும் அழகுக் குறைவுதான். அதைத் தாண்டினால், அல்லது கதவு ஜன்னல் சிக்கத் தொடங்கினால், காப்புறுதி நிறுவனத்துக்குச் சொல்லுங்கள். வெடிப்பின் இரு பக்கமும் பென்சிலால் கோடு போட்டு, தேதி எழுதி, மாதம் ஒருமுறை அளந்து, ஒரு கோடையும் ஒரு குளிர்காலமும் பாருங்கள். கோடை முடிவில் விரிந்து, குளிர்கால முடிவில் மூடினால் களிமண்ணும் மரமும்தான் காரணம். பருவத்தைப் பாராமல் விரிந்துகொண்டே போனால் உடைந்த கழிவுக் குழாயைச் சந்தேகியுங்கள். அக்காலக் குழாய்கள் 4 அங்குலச் சுட்ட களிமண், மூட்டு சீமெந்து; மண் அசைய மூட்டு விடும், தண்ணீர் கசிந்து மண்ணை அரிக்கும். குழாய்க்குள் கமரா விட்டுப் பார்ப்பதற்கு ஆகும் செலவு சுவர் உடைப்பதற்கு ஆவதில் சிறு பங்கு.

பழைய அயலவரிடம் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி இங்கேதான் வருகிறது: எங்கே என்ன மரம் நின்றது, எப்போது வெட்டினார்கள்? வயல்வெளியாக இருந்த காலத்து வேலிமரங்களைச் சில பில்டர்கள் வெட்டி அதன் மேலேயே கட்டினார்கள். பெரிய ஓக், பொப்லர், வில்லோ மரம் வீட்டுக்கு அருகே நின்றால் அது மண்ணிலிருந்து நீரை இழுத்துச் சுருக்கும். அதை ஒரே நாளில் வெட்டினால் நேர்மாறு: மண் பல ஆண்டுகள் மெல்ல ஊதி வீட்டைத் தூக்கும். ஆகவே வெட்டும் முன் மர நிபுணரைக் கேளுங்கள், அந்த மரத்துக்குக் கவுன்சில் பாதுகாப்பு ஆணை உண்டா என்றும் பாருங்கள்.

பின்தோட்டம் வழியாகப் பல வீடுகளுக்குப் பொதுவாக ஓடும் கழிவுக் குழாய் பற்றி ஒரு நல்ல செய்தி. 1937 அக்டோபருக்கு முன் போட்ட பொதுக் குழாய்களில் பெரும்பாலானவை சட்டப்படி ஏற்கெனவே பொதுச் சொத்து. அதற்குப் பிந்தியவையும் 2011 அக்டோபர் 1 முதல் தண்ணீர் நிறுவனங்களின் பொறுப்புக்கு மாறின. அடைப்பு பொதுக் குழாயில் என்றால் தனியாருக்குக் காசு கொடுக்கும் முன் தண்ணீர் நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். அந்தக் குழாய்க்கு 3 மீட்டருக்குள் எக்ஸ்டென்ஷன் கட்ட அவர்களின் அனுமதி வேண்டும்.

சுவரும் புகைபோக்கியும்

சுவர் திடமானதா, நடுவே இடைவெளி விட்ட கேவிட்டிச் சுவரா என்று தெரியாமல் காப்பு நிரப்ப ஒத்துக்கொள்ளாதீர்கள். செங்கல் தெரிந்தால் பாருங்கள்: எல்லாக் கல்லும் நீளவாக்கில் தெரிந்தால் பெரும்பாலும் கேவிட்டி, நீளமும் குட்டையும் மாறி மாறித் தெரிந்தால் 9 அங்குலத் திடச் சுவர். பூசியிருந்தால் வாசலிலோ ஜன்னலிலோ தடிப்பை அளக்கலாம். கேவிட்டி என்றால் பூச்சு நீங்கலாகச் சுமார் 11 அங்குலம்.

கேவிட்டியின் இரண்டு பக்கத்தையும் பிணைப்பவை இரும்புக் கட்டுத் துண்டுகள். அவை துருப்பிடித்து ஊதினால், சுவரின் சாந்து வரிசையில் கிடைமட்ட வெடிப்புகள் ஒரே இடைவெளியில், சுமார் 45 சென்டிமீட்டருக்கு ஒன்று என்று வரும். கரிச் சாம்பல் கலந்த கறுப்புச் சாந்து உள்ள வீடுகளில் இது விரைவு, ஏனென்றால் சாம்பலில் உள்ள கந்தகம் இரும்பை அரிக்கும். பழைய கட்டுகளுக்குப் பதில் துருவேறா எஃகில் புதியவை போட்ட பின்புதான் காப்பு நிரப்ப வேண்டும். இடைவெளியின் அடியில் அன்று விழுந்த சாந்தும் உடைந்த கல்லும் குவிந்து கிடந்தால், அதன் வழியே ஈரம் உள்ளே கடக்கும். துளை போட்டுச் சிறு கமராவால் பார்க்காமல் வேலை தொடங்கும் நிறுவனத்தைத் திருப்பி அனுப்புங்கள்.

அறையைப் பெரிதாக்க, புகைபோக்கி நின்ற புடைப்பைக் கீழே மட்டும் இடித்துவிட்டு மேலே அப்படியே விடும் வழக்கம் உயிருக்கே ஆபத்து. கூரைக்கு அடியிலுள்ள மாடத்திலும் கூரைக்கு மேலும் நிற்கும் செங்கல்லின் எடை முழுவதும் காற்றில் தொங்கும். வீடு வாங்கும்போது கீழ் அறையில் புடைப்பு இல்லை, மாடத்தில் இருக்கிறது என்றால், எதன்மேல் நிற்கிறது என்று கேளுங்கள். கவுன்சிலின் கட்டிட ஒப்புதல் சான்றிதழைக் கேளுங்கள். சுவரில் அடித்த முக்கோணத் தாங்கிகளைப் பல கவுன்சில்கள் ஏற்பதில்லை, இரும்பு உத்தரம்தான் கேட்பார்கள். புகைபோக்கி பொதுச்சுவரில் இருந்தால் 1996ஆம் ஆண்டுப் பொதுச்சுவர்ச் சட்டப்படி அயலவருக்கு இரண்டு மாதம் முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டும். அவருடைய புகை வழியும் அதே செங்கல்லுக்குள் இருக்கலாம்.

குழாய், மின்சாரம், பெயின்ட்

தெருவிலிருந்து வீட்டுக்கு வரும் தண்ணீர்க் குழாய் ஈயமா என்று பாருங்கள். படிக்கட்டுக்கு அடியிலோ குசினிச் சிங்க்கின் கீழோ குழாய் வெளித்தெரியும் இடத்தில் கத்தியால் மெல்லச் சுரண்டினால், ஈயம் என்றால் மென்மையாக வெள்ளிபோல் மின்னும், காந்தம் ஒட்டாது. இங்கே அனுமதித்த அளவு லீட்டருக்கு 10 மைக்ரோகிராம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதைத் தள்ளிப்போடவே கூடாது. தண்ணீர் நிறுவனம் சோதித்துத் தரும். நீங்கள் உங்கள் பகுதியை மாற்றினால் தெருப்பக்கத்தை மாற்றித் தரும் நிறுவனங்களும் உண்டு. அதுவரை காலையில் சில நிமிடம் ஓட விட்டுப் பிறகு குடிக்க எடுங்கள்.

1947க்குப் பிறகு வந்த சதுர முனைச் செருகிக்கு முன் உருண்டை முனைகள் இருந்தன. அந்தக் காலத்து ரப்பர் உறைக் கம்பி எங்காவது மாடத்தில் மிச்சமிருந்தால் தொட்டாலே உறை உதிரும், முழுவதையும் மாற்றுங்கள். கதவு, கைபிடி, ஜன்னல் சட்டத்தின் பழைய பெயின்டில் ஈயம் இருக்கும். உலர்ந்த மணல்தாளால் தேய்க்காமல் ஈரம் போட்டுத் தேய்க்க வேண்டும். பின்னால் உள்ள கராஜின் நெளிகூரை அஸ்பெஸ்டஸ் சீமெந்தாக இருக்கலாம். உடைக்காமல், துளைக்காமல் விட்டால் தொல்லையில்லை; அகற்றுவதற்குக் கவுன்சில் சொல்லும் முறையைப் பின்பற்றுங்கள்.

பாதையும் பத்திரமும்

இரண்டு வீட்டுக்கு நடுவே பின் கராஜுக்குப் போகும் பொதுப்பாதை ஏழு, எட்டு அடி அகலம். ஆஸ்டின் செவன் கார் நாலு அடி அகலம்கூட இல்லாத காலத்தில் அது தாராளம். இன்றைய கார் சிரமப்பட்டே நுழையும் என்பதால் அங்கே நிறுத்திவிடுகிறார்கள், அயலவர் சண்டை தொடங்குகிறது. பாதையின் பாதி உங்களுடையதாக இருந்தாலும் அதன்மேல் அவருக்குப் போகும் உரிமை உண்டு. காணிப் பதிவகத்தில் உங்கள் வீட்டுப் பதிவையும் வரைபடத்தையும் எடுத்து வாசியுங்கள். அன்றைய பில்டர் போட்ட நிபந்தனைகள், வீட்டில் வியாபாரம் கூடாது, முன்வேலி இன்ன உயரம் என்பவை, இன்னும் அதில் இருக்கும். முன்தோட்டத்தில் தண்ணீர் ஊறாத தரை 5 சதுர மீட்டருக்கு மேல் போட 2008 முதல் இங்கிலாந்தில் திட்ட அனுமதி தேவை. தண்ணீர் ஊறும் கல் அல்லது தண்ணீர் மண்ணுக்குள் வடியும்படி சரிவு வைத்தால் தேவையில்லை.

அந்த நிபந்தனைகளின் பின்னால் வர்க்கப் பயமும் இருந்தது. ஆக்ஸ்ஃபர்டின் கட்டஸ்லோவில் 1934இல் ஒரு தனியார் நிறுவனம், பக்கத்துக் கவுன்சில் எஸ்டேட்டுக்காரர் தங்கள் தெரு வழியே போகக் கூடாது என்று சாலைக்குக் குறுக்கே முள் வைத்த சுவர் எழுப்பியது. அது இடிபட்டது 1959இல். கவுன்சில் வீடுகளைத் தரக்குறைவாக நினைப்பது இன்றும் நம்மிடையே இருக்கிறது. அது தவறான கணக்கு. வீட்டுத் தரம் பற்றிய 1918இன் டியூடர் வோல்ட்டர்ஸ் அறிக்கை ஏக்கருக்கு 12 வீட்டுக்கு மேல் வேண்டாம் என்றது. அந்த அளவை வைத்து லண்டன் கவுண்டி கவுன்சில் 1921 முதல் டாகன்ஹாமில் கட்டிய பெகன்ட்ரீ, சுமார் 26,000 வீடுகளோடு, கிழக்கு லண்டன் நெரிசலில் வாழ்ந்தவர்களுக்குத் தனிக் குளியல் தொட்டியும் தோட்டமும் கொடுத்தது. சில வகை வீட்டில் தொட்டி சமையலறையிலேயே பலகைக்கு அடியில் இருந்தது. 1980க்குப் பிறகு வாடகையாளர்கள் வாங்கி, பிறகு நம்மவர்களும் வாங்கிய இந்த வீடுகளில் வரைபடம் கவுன்சிலிடம் இருந்தால் குழாய்ப் பாதை கண்டுபிடிப்பது தனியார் எஸ்டேட்டைவிட எளிது.

நினைவைச் சேர்க்கும் முறை

முதியவரிடம் "அந்தக் காலம் எப்படி இருந்தது?" என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். படலையில் தொடங்கி வீட்டுக்குள் நடந்துபோவதுபோல் கேளுங்கள். வேலி என்ன செடி? நிலக்கரிக்காரர் எந்த வழியால் வந்து எங்கே கொட்டினார்? நெருப்பு எந்த அறையில்? துணி எங்கே காய்ந்தது? போர்க்காலத்தில் தோட்டத்தில் ஆண்டர்சன் பதுங்கிடம் எங்கே இருந்தது? அது நாலு அடி தோண்டிப் புதைத்த நெளி இரும்புத் தகடு. அந்தக் குழியைப் பிறகு மண்ணும் கல்லுமாக நிரப்பியிருப்பார்கள்; அதன்மேல் எக்ஸ்டென்ஷன் அத்திவாரம் வந்தால் இறங்கும். குண்டு எங்கே விழுந்தது, எந்த வீட்டுக் கூரை திரும்பப் போட்டது? எந்தத் தெருவில் மழைக்குத் தண்ணீர் தேங்கும்? ஒரு மணி நேரம் போதும். சம்மதம் கேட்டுக் கைபேசியில் பதியுங்கள், தெருவின் பழைய படம் இருந்தால் முன்னே வையுங்கள்.

ஆவணத்தில் சரிபார்க்க வேண்டுமானால் ஒரு சிக்கல் உண்டு. 1931இன் குடிசன மதிப்பு ஏடுகள் 1942 டிசம்பரில் தீயில் அழிந்தன. 1941இல் போரால் கணக்கெடுப்பே நடக்கவில்லை. ஆகவே இந்தத் தெருக்களின் முதல் குடிகளை வீடு வாரியாகக் காட்டும் பெரிய பதிவு, 1939 செப்டம்பர் 29இல் எடுத்த தேசியப் பதிவேடுதான். பெயர், பிறந்த தேதி, தொழில் எல்லாம் அதில் இருக்கும். பிறந்து நூறு ஆண்டு நிறையாதவர்களின் வரி பெரும்பாலும் மூடப்பட்டிருக்கும். வீடு வருமுன் நிலம் எப்படி இருந்தது என்று பார்க்க, ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் ஓர்ட்னன்ஸ் சர்வே (பிரிட்டனின் அரசு நில அளவை நிறுவனம்) வரைபடங்களில் இங்கிலாந்தும் அடங்கும். குளம், ஓடை, வேலிமரம் எல்லாம் அதில் தெரியும். கட்டும்போது சமர்ப்பித்த கழிவுக் குழாய் வரைபடம் பல பரோ (லண்டனின் உள்ளூராட்சிப் பிரிவு) ஆவணக் காப்பகங்களில் இன்னும் உண்டு. வீட்டு எண் பிறகு மாறியிருக்கலாம், ஆகவே காணியின் பிளாட் எண்ணையும் கொடுத்துக் கேளுங்கள்.

கிடைத்ததை எல்லாம் ஒரே தாளில் வரையுங்கள்: துளைச் செங்கற்கள், குழாய் ஓடும் திசை, கழிவுக் குழாய் மூடிகளின் கீழுள்ள ஆழம், மரம் நின்ற இடம், பதுங்கிட இடம், புகைபோக்கியில் எடுத்ததும் விட்டதும், ஒவ்வொன்றுக்கும் தேதி. ஒரு பிரதியைப் பத்திரங்களோடு வையுங்கள், ஒன்றைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள். பதிவு செய்த குரலை, பேசியவர் எழுத்தில் சம்மதித்தால், பரோ காப்பகத்துக்கு அனுப்புங்கள். அதோடு முகவரியும் பதிந்த தேதியும் பேசியவர் அந்த வீட்டில் வாழ்ந்த ஆண்டுகளும் இருக்க வேண்டும். அவை இல்லாத ஒலிப்பதிவைக் காப்பகத்தால் எந்தத் தெருவின் கீழும் சேர்க்க முடியாது.